மிகையும் குறையும்: ‘மூளை வேதிப்பொருள் சமநிலையின்மை’ என்னும் விளக்கமும் தமிழில் அதன் ஏற்பும்

ஆய்வுச்சுருக்கம்

மனச்சோர்வு முதலான உளநோய்கள் மூளையிலுள்ள வேதிப்பொருள்களின் சமநிலை குலைவதால் உண்டாகின்றன என்னும் விளக்கம், தமிழில் நலவாழ்வு எழுத்துகளிலும் மேடைப்பேச்சுகளிலும் ஐயத்திற்கு இடமில்லாத செய்தியாக வழங்கி வருகிறது. 1950கள், 1960களில் கருதுகோளாக முன்வைக்கப்பட்ட இவ்விளக்கம் 2022இல் கடுமையான மறுஆய்வுக்கு உள்ளாயிற்று. அவ்விவாதத்தில் மறுக்கப்பட்டது எது, மறுக்கப்படாதது எது என்பதை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. தமிழில் இவ்விளக்கம் எளிதில் வேரூன்றியதற்கு, முக்குற்றக் கொள்கை வழிவந்த சொற்களும் ‘மிகை – குறை’ என்னும் சிந்தனை அச்சும் துணைநின்றன என்று வாதிடுகிறது. குறள் 941இன் உரையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துயரக் காரணங்களும் அவ்வச்சைத் திருத்திப் பார்க்க உதவும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, செரோடோனின், சர்ப்பகந்தி, பித்தம், கோட்டி, மெய்ப்பாடு, அறிவியல் தமிழ், ஏர்வாடி.

முன்னுரை

உளநோய் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு தொடர் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுகிறது. மூளையில் சுரக்கும் செரோடோனின், டோபமின் போன்ற வேதிப்பொருள்களின் சமநிலை குலைவதால் மனச்சோர்வு ஏற்படுகிறது என்பதே அது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ அப்படியே மனச்சோர்வுற்றவர்க்கு மாத்திரை என்னும் உவமையும் அதனைத் தொடர்ந்து வரும். கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இவ்விரண்டும் சொல்லப்படுகின்றன. அண்மைக்காலத்தில் நாவல், சிறுகதை மாந்தரை உளவியல் நோக்கில் ஆராயும் தமிழாய்வுகளிலும் இவ்விளக்கம் ஆய்வுக் கருவியாக எடுத்தாளப்படுவதைக் காண்கிறோம்.

இவ்விளக்கம் அறிவியலில் எந்நிலையில் உள்ளது, தமிழுக்கு வந்தபோது அதற்கு நேர்ந்த மாற்றம் யாது, அம்மாற்றத்தால் விளையும் நன்மை தீமைகள் எவை என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மருந்து உண்ணலாமா கூடாதா என்று அறிவுறுத்துவது இதன் நோக்கம் அன்று. அது மருத்துவரும் நோயுற்றவரும் கூடி முடிவு செய்யவேண்டியது. ஒரு கருதுகோள் தமிழில் எத்தகைய மொழியால் உண்மையாக்கப்பட்டது என்பதை ஆராய்வது தமிழாய்வாளர்க்கு உரிய பணி.

1. சர்ப்பகந்தியிலிருந்து செரோடோனின் வரை

இக்கருதுகோளின் வரலாறு மேலைநாட்டு ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதாகவே பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயின் அதன் முதற்கண்ணிகளுள் ஒன்று நம் மண்ணில் வளரும் ஒரு செடி. சர்ப்பகந்தி எனவும் சிவன் அமல்பொடி எனவும் வழங்கும் அதன் வேர், பித்துநிலையைத் தணிக்க நெடுங்காலமாக நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அது உளநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் பயன்படுவதை மருத்துவ இதழில் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரித்தானிய இதயநோய் இதழில் வெளியிட்ட கட்டுரை, இச்செடியை உலக மருத்துவத்தின் பார்வைக்குக் கொண்டுசென்றது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் அமெரிக்காவில் நேதன் கிளைன் அதனை உளநோய் மருத்துவமனையில் பயன்படுத்திய பட்டறிவை வெளியிட்டார்.

1955இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பெர்னார்டு பிராடியின் ஆய்வுக்குழு, ரெசர்பின் உடலில் சேமிக்கப்பட்ட செரோடோனினை வெளியேற்றிக் குறைத்துவிடுகிறது என்று கண்டது. இரத்த அழுத்தத்திற்காக ரெசர்பின் உண்டவர்களுள் சிலர் மனச்சோர்வுற்றதாகவும் அக்காலத்தில் செய்திகள் வந்தன. இவ்விரண்டையும் இணைத்தபோது, செரோடோனின் குறைந்தால் மனம் சோரும் என்னும் முடிவு இயல்பாகவே பிறந்தது. காசநோய்க்காக உருவாக்கப்பட்ட ஐப்ரோனியசிட் நோயாளிகளிடம் எழுச்சியை உண்டாக்கியதும், அது இத்தகைய வேதிப்பொருள்கள் சிதைவதைத் தடுக்கிறது என்று அறியப்பட்டதும் அம்முடிவுக்கு மறுபக்கச் சான்றாக அமைந்தன. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை மையமாக வைத்தும், 1967இல் அலெக் காப்பன் செரோடோனினை முன்னிறுத்தியும் இக்கருத்தை ஒழுங்குபடுத்தினர். சிக்கலான ஒரு நிலையை அளவுக்கு மீறி எளிமைப்படுத்தும் கருதுகோள் இது என்று ஷில்ட்கிராட் தம் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார் என்பது கருதத்தக்கது.

இங்கு மறக்கப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. பிராடி குழுவின் கண்டுபிடிப்பு வெளிவந்த அதே 1955இல் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டேவிசும் மைக்கேல் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் உற்றவர்களுக்கு ரெசர்பின் கொடுத்துச் சோதித்தனர். வெற்றுமாத்திரை பெற்றவர்களைவிட ரெசர்பின் பெற்றவர்கள் நலமடைந்தனர். செரோடோனினைக் குறைக்கும் மருந்து சோர்வை உண்டாக்கவேண்டும் என்னும் கோட்பாட்டிற்கு இது நேர்மாறான முடிவு. ஆயினும் கோட்பாடு வளர்ந்தது. இவ்வாய்வு பின்னுக்குத் தள்ளப்பட்டது. மனிதரிடம் ரெசர்பின் சோர்வை விளைவிப்பதற்குச் சீரான சான்றில்லை என்றே அண்மைய முறைசார் மறுஆய்வும் கூறுகிறது.

இக்கோட்பாட்டின் தருக்க அமைப்பையும் நோக்கவேண்டும். மருந்து செய்யும் வேலையைக் கொண்டு நோயின் காரணத்தைப் பின்னோக்கி ஊகிப்பதே இதன் அடிப்படை. பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. எனவே உடலில் பாராசிட்டமால் குறைந்ததே காய்ச்சலுக்குக் காரணம் என்று எவரும் கூறார். 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் இலித்தியம் உப்பால் வெறிநிலை தணிவதைக் கண்டார். இன்றும் அது பயன்படுகிறது. ஆயின் வெறிநிலையை இலித்தியக் குறைபாட்டு நோய் என்று எவரும் அழைப்பதில்லை. மாறாக, நடுக்குவாத நோயில் டோபமின் குறைவு என்பது 1960இல் எரிங்கர், ஹார்னிகிவிச் ஆகியோர் இறந்தோரின் மூளைப் பகுதிகளை நேரடியாக ஆராய்ந்து நிறுவிய உண்மை. அங்கு முதலில் குறைவு காணப்பட்டது. அதன்பின் அதனை ஈடுசெய்யும் மருந்து வந்தது. மனச்சோர்வில் மருந்து முதலில் வந்தது. குறைவு பின்னர் ஊகிக்கப்பட்டது. இவ்வரிசை வேறுபாடு தமிழில் எழுதப்படும் விளக்கங்களில் இடம்பெறுவதில்லை.

2. 2022ஆம் ஆண்டின் விவாதம்

2022 சூலையில் ஜோனா மான்கிரிஃப் முதலானோர் ‘மாலிக்யூலர் சைக்கியாட்ரி’ என்னும் இதழில் ஒரு தொகுப்பு மறுஆய்வை வெளியிட்டனர். செரோடோனின் அளவும் அதன் சிதைபொருள் அளவும், ஏற்பிகள், கடத்துபுரதம், உணவின்வழி டிரிப்டோபனைக் குறைக்கும் சோதனைகள், கடத்துபுரத மரபணு, அம்மரபணுவும் வாழ்க்கை நெருக்கடியும் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் தாக்கம் என ஆறு வகைச் சான்றுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மனச்சோர்வு குறைந்த செரோடோனினால் ஏற்படுகிறது என்பதற்குச் சீரான சான்று எதுவும் இல்லை என்பது அவர்களின் முடிவு. உலகெங்கும் செய்தித்தாள்கள் இதனைத் தலைப்புச் செய்தியாக்கின.

எதிர்வினைகளும் எழுந்தன. 2023இல் சமீர் ஜௌஹர் உள்ளிட்ட பலர் அதே இதழில் மறுப்பு எழுதினர். மனச்சோர்வு என்பது ஒரே நோய் அன்று, பலவகை நிலைகளின் தொகுப்பு என்றும், முன்பு மனச்சோர்வுற்று மீண்டவர்களிடம் டிரிப்டோபன் குறைப்பு ஏற்படுத்தும் விளைவு உரியவாறு மதிப்பிடப்படவில்லை என்றும், சான்றுகளைச் சேர்த்த முறையில் குறைகள் உள்ளன என்றும் அவர்கள் வாதிட்டனர். கதிரியக்கப் படமுறையால் மூளையில் செரோடோனின் வெளியீட்டை அளந்த எரிட்சோ குழுவினரின் ஆய்வு, சோர்வுற்றோரிடம் அவ்வெளியீடு குறைவாக இருப்பதாகக் கூறியது. ஆயின் அதில் பங்குபெற்றோர் சோர்வுற்றவர் 17 பேரும் நலமுடையோர் 20 பேரும் மட்டுமே. செரோடோனினுக்குத் தொடர்பே இல்லை என்று அறுதியிட இயலாது என்பதும், அதன் குறைவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதும் இவ்விவாதத்தின் நிகர விளைவு.

மூன்று செய்திகளை இங்குக் கலந்துவிடாமல் காக்கவேண்டும். முதலாவது, நோயின் காரணம் பற்றிய கோட்பாடு வேறு. மருந்தின் பயன் வேறு. 2018இல் ‘லான்செட்’ இதழில் சிப்ரியானி குழுவினர் 522 சோதனைகளை, 1,16,477 பங்கேற்பாளர்களின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். 21 மருந்துகளும் வெற்றுமாத்திரையைவிட மிகுந்த பயன் தந்தன. ஆயின் சராசரிப் பயன் பெரியதன்று. இந்தியாவிலும் 2003இல் விக்ரம் பட்டேல் குழுவினர் கோவாவில் நடத்திய ஆய்வு, தொடக்க மாதங்களில் ஃபுளுவாக்சடின் வெற்றுமாத்திரையை விஞ்சியதைக் காட்டியது. 2017இல் அவர்களே நடத்திய மற்றோர் ஆய்வு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர் வழங்கும் சில அமர்வுகளும் கடுமையான மனச்சோர்வில் பயன் தருவதை நிறுவியது. காரணக் கோட்பாடு தளர்ந்ததால் மருந்து பயனற்றதாகிவிடாது. மருந்து பயன்படுவதால் காரணக் கோட்பாடு உறுதியாகிவிடாது.

இரண்டாவது, மனச்சோர்வு குறித்த முடிவை எல்லா உளநோய்க்கும் ஏற்றுதல் தவறு. மனச்சிதைவில் டோபமினின் பங்கு குறித்த சான்றுகள் வேறு தரத்தவை. 1963இல் கார்ல்சன் ஆய்வில் தொடங்கி 2009இல் ஹோவ்சும் கபூரும் வகுத்த வடிவம்வரை அக்கருதுகோள் பலமுறை திருத்தப்பட்டு வலுப்பெற்றுள்ளது. அங்கும் ‘சமநிலையின்மை’ என்னும் ஒற்றைச்சொல் போதுமானது அன்று. மூளையின் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட கட்டத்தில் நிகழும் செயல்மாற்றம் பற்றியே ஆய்வாளர் பேசுகின்றனர்.

மூன்றாவது, கோட்பாடு மறுக்கப்பட்டது என்னும் செய்தியைப் படித்தவுடன் மாத்திரையை நிறுத்துதல் தீங்கு தரும். இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, பதற்றம் முதலிய விலகல் குறிகள் தோன்றக்கூடும். படிப்படியாகக் குறைப்பதே முறை. விவாதத்தின் பாதியை மட்டும் மொழிபெயர்ப்பவர் இத்தீங்கிற்குப் பொறுப்பாவார்.

3. பித்தம், பைத்தியம், கோட்டி

அமெரிக்காவில் இவ்விளக்கம் பரவியதற்கு மருந்து விளம்பரங்கள் பெருங்காரணம். அவ்விளம்பரங்கள் கூறுவதற்கும் ஆய்விதழ்கள் கூறுவதற்கும் இடையிலுள்ள பிளவை லகாஸ், லியோ ஆகியோர் 2005இலேயே எடுத்துக்காட்டினர். ஜப்பானில் 2000ஆம் ஆண்டையொட்டி, மனச்சோர்வு ‘உள்ளத்தின் சளிக்காய்ச்சல்’ என்னும் புதிய உருவகத்தால் விளம்பரப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலோ இத்தகைய மருந்துகளைப் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரப்படுத்தும் வழக்கம் இல்லை. அவ்வாறிருந்தும் இவ்விளக்கம் இங்கு எதிர்ப்பின்றிப் பரவியது எவ்வாறு?

விடையின் ஒரு பகுதி மொழியில் உள்ளது. உளப்பிறழ்வைக் குறிக்கத் தமிழர் அன்றாடம் பயன்படுத்தும் ‘பைத்தியம்’ என்னும் சொல் பித்தம் என்பதன் வழிவந்தது. ‘பித்து’, ‘பித்தன்’ என்பனவும் அவ்வாறே. பித்தம் தலைக்கேறிவிட்டது என்பது இன்றும் பேச்சுவழக்கு. உடலுள் ஓடும் ஒரு நீர்மம் அளவு மிகுந்து தலையை அடைந்தால் அறிவு திரியும் என்னும் கருத்து இச்சொற்களுக்குள் உறைந்திருக்கிறது. சித்த மருத்துவமும் உளப்பிறழ்வுகளைக் ‘கிரிகை’ எனப் பதினெட்டாக வகுத்து முக்குற்றங்களோடு இணைத்துப் பேசுகிறது. எனவே செரோடோனின் குறைந்துவிட்டது என்று மருத்துவர் கூறும்போது தமிழர் கேட்பது புதிய செய்தியை அன்று. பழைய செய்தியின் புதிய பெயரை. கருதுகோளுக்குச் சான்று கேட்கவேண்டிய இடத்தில், முன்னறிந்த உணர்வே சான்றாகிவிட்டது.

தூத்துக்குடி – திருநெல்வேலிச் சாலையில் அமைந்த புதுக்கோட்டை வட்டாரத்தில் (புதுக்கோட்டை மாவட்டத் தலைநகரின் வேறான இவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தது) வழங்கும் சொல் வேறொன்று. ‘கோட்டி’ என்பது அது. கோட்டி பிடித்துவிட்டது, கோட்டிக்காரன் என நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் இச்சொல் பெருவழக்கு. வளைதல், நேர்நிலை தவறுதல் என்னும் பொருளுடைய ‘கோடுதல்’ என்ற வினையோடு இதனைத் தொடர்புபடுத்திப் பார்க்க இடமுண்டு. அவ்வாறு கொண்டால், பைத்தியம் என்னும் சொல் உடலின் நீர்மத்தைச் சுட்ட, கோட்டி என்னும் சொல் ஒழுகலாற்றின் கோணலைச் சுட்டுகிறது எனலாம். மேலும், ‘என்ன கோட்டி பண்ணுத?’ என்று கேட்கும்போது அது நோயைச் சுட்டாமல் அப்போதைய செயலைச் சுட்டுகிறது. ஒருவர் கோட்டி பண்ணலாம், பின்னர் விட்டுவிடலாம். நோயை ஒருவரின் நிலைத்த இயல்பாக்காத இந்நெகிழ்ச்சி வட்டார வழக்கில் உள்ளது. இச்சொல் இழிவுப் பொருளிலும் வழங்குவதால் அதனை மருத்துவச் சொல்லாக்கப் பரிந்துரைப்பது இங்கு நோக்கம் அன்று. தமிழில் ‘அளவு கெட்டது’ என்பது மட்டுமே உளப்பிறழ்வுக்கான சிந்தனை அச்சு அன்று என்பதற்கு அது சான்று.

4. குறள் 941: மிகுவதும் குறைவதும் எது?

சமநிலையின்மை விளக்கத்திற்குத் திருக்குறளைத் துணைக்கழைக்கும் போக்கும் மேடைகளில் உண்டு. மருந்து அதிகாரத்தின் முதற்குறள், வளி முதலாக எண்ணப்பட்ட மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் என்று கூறுவதால், வள்ளுவரே வேதிப்பொருள் சமநிலையைக் கூறிவிட்டார் என்பர். இவ்வாசிப்பு இருவகையில் குறையுடையது. ஒன்று, முக்குற்றங்களும் நரம்புக்கடத்திகளும் ஒன்றல்ல. வேறு வேறு அறிவு முறைகளில் தோன்றிய கருத்தாக்கங்கள். மற்றொன்று, உரைமரபையே இவ்வாசிப்பு கவனிக்கவில்லை.

பரிமேலழகர் இக்குறளுக்கு எழுதும் உரையில், மிகுவனவும் குறைவனவும் ஒருவனுடைய உணவும் செயல்களும் என்றே கொள்கிறார். அவை அவனது உடற்பகுதிக்கு ஒத்த அளவில் இல்லாதபோது வாதம் முதலிய மூன்றும் துன்பம் செய்கின்றன. அதாவது, சமநிலைக் குலைவு உடலுக்குள் தானே தோன்றும் ஒன்றாகக் காட்டப்படவில்லை. மனிதனுக்கும் அவன் வாழும் முறைக்கும் இடையே உள்ள பொருத்தத்தில் அது வைக்கப்படுகிறது. உடலுக்குள் நிகழ்வது விளைவு. காரணம் வாழ்க்கைக்குள் இருக்கிறது. அதே அதிகாரத்தில் நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை நோக்கிச் செயல்படவேண்டும் என்றும் (949), நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என மருத்துவம் நான்கு பகுதியது என்றும் (950) வள்ளுவர் கூறுகிறார். ‘வேதிப்பொருள் குறைவு – மாத்திரை’ என்னும் வாய்பாடு இந்நான்கனுள் ஒன்றை மட்டுமே எஞ்ச வைக்கிறது. குறளைச் சான்றாக்க விரும்புவோர் அவ்வாய்பாட்டிற்கு எதிராகவே அதனைச் சான்றாக்க முடியும்.

5. மொழிபெயர்ப்பில் தொலைந்தவை

இவ்விளக்கம் தமிழுக்கு வந்தபோது இரண்டு இழப்புகள் நேர்ந்தன. முதலாவது, கலைச்சொல் குழப்பம். அன்றாட நெருக்கடியால் வரும் இறுக்கத்தையும், வாரக்கணக்கில் நீடித்து உறக்கம், பசி, ஆர்வம் யாவற்றையும் குலைக்கும் நோய்நிலையையும் இதழ்கள் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. நோய்நிலைக்கு ‘மனச்சோர்வு’ என்னும் சொல் இருந்தும் அது சீராகப் பயன்படுவதில்லை. இதன் விளைவு வெளிப்படையானது: மன அழுத்தம் வேதிப்பொருள் குறைவால் வருகிறது என்று எழுதும்போது, தேர்வுப் பயமும் கடன் கவலையும்கூட மூளையின் குறைபாடாகிவிடுகின்றன, மறுபுறம், உயிருக்கே இடர் விளைவிக்கும் நோய்நிலை ‘எல்லோர்க்கும் உள்ள அழுத்தம்தானே’ என்று புறக்கணிக்கப்படுகிறது.

இரண்டாவது இழப்பு வினைமுற்றில் நேர்ந்தது. ஆய்வுக்கட்டுரையில் ‘தொடர்பு இருக்கலாம்’, ‘கருதப்படுகிறது’ என்று வந்தவை தமிழ் நலவாழ்வு எழுத்தில் ‘ஏற்படுகிறது’, ‘காரணமாகிறது’ என்று முடிகின்றன. யார் கூறியது, எந்த ஆண்டில், எத்துணை உறுதியுடன் என்பவை உதிர்ந்துவிடுகின்றன. இது தமிழின் இயலாமை அன்று. நம் இலக்கண மரபு, தான் வகுக்கும் விதியைக்கூட முன்னோர் கூற்றாக ‘என்ப’, ‘என்மனார்’ என்று சுட்டிச் சொல்லும் பழக்கமுடையது. ஐயத்தையும் கேள்வியறிவையும் வினையின் ஈற்றிலேயே காட்டும் ‘போலும்’, ‘ஆம்’ முதலிய உறுப்புகள் தமிழில் உள்ளன. கூற்றின் உறுதியளவைக் குறிக்கும் இத்துணை வளமான கருவிகளைக் கொண்ட மொழியில், அறிவியல் எழுத்து மட்டும் எல்லாவற்றையும் ஒரே உறுதியுடன் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவே ஆகும்.

6. ஏர்வாடிக்குப் பின்: இவ்விளக்கத்தின் அறப்பயன்

இவ்விளக்கத்தைத் திறனாய்வு செய்வோர் அதன் அறப்பயனை மறைத்தல் நேர்மையாகாது. 2001 ஆகத்து 6ஆம் நாள், முத்துக்குளித்துறைக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாது 28 பேர் இறந்தனர். அந்நிகழ்வுக்குப்பின் தமிழ்நாட்டில் உளநலம் குறித்துப் பேசியவர்கள், இது பேயும் அன்று, செய்வினையும் அன்று, முற்பிறவிப் பாவமும் அன்று, மருத்துவம் தேவைப்படும் நோய் என்று மக்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அதனைச் சுருக்கமாகச் சொல்ல, மூளையின் வேதிப்பொருள் என்னும் தொடர் கைகொடுத்தது. 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்வகைக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர்வரை உரிய மருத்துவம் பெறவில்லை என்று காட்டியது. அத்தகைய சூழலில் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துவந்த எந்தத் தொடரும் எளிதில் இகழத்தக்கது அன்று.

ஆயினும் இரு எண்ணங்களை மறுபரிசீலனை செய்யவேண்டும். ஒன்று, தமிழ்க் குடும்பங்கள் உளநோயைப் பேயின் வேலையாகவே கருதுகின்றன என்னும் எண்ணம். சென்னை மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சீனிவாசனும் தாராவும் 254 குடும்பங்களிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கை மீறிய காரணத்தைக் கூறியோர் 12 விழுக்காட்டினரே. அதனை ஒரே காரணமாகக் கூறியோர் 5 விழுக்காட்டினர். மிகப் பலர் சுட்டியது வாழ்க்கை நெருக்கடியை. கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் செல்வதைக்கொண்டு மட்டும் மக்களின் காரணக் கொள்கையை முடிவு செய்ய இயலாது. தூத்துக்குடி மாவட்டப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலம் இதற்கோர் எடுத்துக்காட்டு. அங்கு வந்து தங்குவோரைப் பற்றிப் பிரிஜித் செபாஸ்தியா 2007இல் தனிநூலே எழுதியுள்ளார். இராகுராம் குழுவினர் 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைப் பதிவு செய்தது. அங்கு மருந்தோ சிறப்புச் சடங்கோ வழங்கப்படவில்லை. தங்க இடமும் இணக்கமான சூழலுமே இருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு இது. கோயிலே போதும் என்று இதனைக்கொண்டு கூறமுடியாது. நலமடைதலில் வேதிப்பொருளுக்கு அப்பாலும் சில உள்ளன என்று மட்டும் கூறலாம்.

மற்றோர் எண்ணம், உடற்காரணம் கூறினால் இழிவு நீங்கும் என்பது. 2013இல் குவாலே, ஹாஸ்லம் முதலானோர் செய்த தொகுப்பாய்வின்படி, உடற்காரண விளக்கம் நோயுற்றவர் மீதான பழியைக் குறைக்கிறது. ஆயின் அவர் மீளமாட்டார் என்னும் அவநம்பிக்கையையும் அவர் இடருக்குரியவர் என்னும் எண்ணத்தையும் கூட்டுகிறது. 2014இல் கெம்ப் குழுவினரின் சோதனையில், முன்பு மனச்சோர்வுற்ற மாணவர்களிடம் உங்களுக்குச் செரோடோனின் குறைவு என்று கூறப்பட்டது. அவர்களின் தற்பழி குறையவில்லை. மீள்வோம் என்னும் நம்பிக்கைதான் குறைந்தது. திருமணப் பேச்சில் குடும்பநோய் வரலாறு தேடப்படும் நம் சமூகத்தில், ‘மூளையிலேயே குறை’ என்னும் சொல் எத்தகைய சுமையாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

7. துயரத்தின் நான்கு நிலைக்களங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களங்களை வகுக்கிறது. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னை நிலையிலிருந்து தாழ்தல், வறுமை என்பன அவை. தொல்காப்பியர் உளமருத்துவம் கூறினார் என்பது நம் வாதம் அன்று. அவர் வகுத்தது செய்யுளில் தோன்றும் மெய்ப்பாட்டின் இலக்கணம். ஆயின் உடலில் வெளிப்படும் துயரத்திற்கு அவர் தேடிய நிலைக்களங்கள் யாவும் மனிதர்க்கிடையிலும் வாழ்நிலையிலும் அமைந்தவை என்பது எண்ணத்தக்கது. ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் இலண்டன் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூலும், அவர்களின் பிந்தைய ஆய்வுகளும் மனச்சோர்வுக்கு முன்நிகழ்வனவாகக் கண்டவற்றுள் இழப்பும் இழிவுபடுத்தப்படுதலும் முதன்மையானவை. காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இரு அறிவு மரபுகள் ஒரே இடத்தைச் சுட்டுவது தற்செயலாகவும் இருக்கலாம், எனினும் ஆராயத்தக்கது.

முத்துக்குளித்துறையின் அண்மை வரலாற்றை இந்நான்கு நிலைக்களங்களோடு வைத்துப் பார்க்கலாம். 1961க்குப்பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. தலைமுறைகளாகப் பெருமை தந்த தொழில் நினைவாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. உப்பளத் தொழிலாளர்க்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் வேலையற்ற காலம். ஆண்டுதோறும் திரும்பிவரும் இவ்விடைவெளிகளில் கடனும் மதுவும் வீட்டுச் சச்சரவும் பெருகுவதை அப்பகுதியில் வாழ்வோர் அறிவர். இத்தகைய சூழலில் உறக்கமிழந்து வரும் ஒரு தாய்க்கு மருந்து உதவக்கூடும், உதவவும் வேண்டும். ஆயின் அவர் துயரத்தின் காரணம் செரோடோனின் குறைவு என்று அவரிடம் கூறுவது, நிறுவப்படாத ஒன்றைக் கூறுவதோடு, நிறுவத்தக்க காரணங்களைப் பேச்சிலிருந்து நீக்கியும் விடுகிறது. பருவகால உதவித்தொகையும் கடன் சுமையும் அப்போது உளநலத்தோடு தொடர்பற்ற செய்திகளாகிவிடுகின்றன.

மூளை இதில் பங்கு கொள்வதில்லை என்று இதற்குப் பொருள் அன்று. இழப்பும் இழிவும் உடலின்றி நிகழ்வதில்லை. மூளையில் மாற்றமின்றி எந்த உணர்வும் இல்லை. மூளையில் மாற்றம் நிகழ்கிறது என்பது வேறு, மூளையின் குறையே தொடக்கம் என்பது வேறு. பரிமேலழகர் உரை காத்த வேறுபாடும் இதுவே.

முடிவுரை

மனச்சோர்வு செரோடோனின் குறைவால் வருகிறது என்னும் விளக்கம் ஒரு கருதுகோள், அது நிறுவப்படவில்லை. அதனால் மருந்துகள் பயனற்றவை ஆகிவிடவில்லை; பிற உளநோய்களில் வேதிப்பொருள்களின் பங்கு குறித்த ஆய்வும் முடிந்துவிடவில்லை. தமிழில் இக்கருதுகோள் உண்மையாக நிலைபெற்றதற்குப் பித்தம் வழிவந்த சொற்கள் அமைத்த ‘மிகை – குறை’ என்னும் அச்சும், உறுதியளவைக் காட்டாத மொழிபெயர்ப்பும் காரணங்கள்.

இதனால் ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் சில கடமைகள் எழுகின்றன. நோய்நிலைக்கு ‘மனச்சோர்வு’, அன்றாட இறுக்கத்திற்கு ‘மன அழுத்தம்’ என்னும் வேறுபாட்டைப் பாடநூலிலும் வகுப்பிலும் சீராகப் பேணவேண்டும். கருதுகோளைக் கருதுகோள் என்றே, கூறியவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதவேண்டும். புனைகதை மாந்தரின் துயரத்தை வேதிப்பொருளால் விளக்கும் ஆய்வேடுகள், அம்மாந்தர் இழந்தது என்ன, அவரை இகழ்ந்தவர் யார் என்னும் வினாக்களை முதலில் எழுப்பவேண்டும். நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரக் கடலோரங்களில் துயரத்தைச் சுட்ட வழங்கும் சொற்கள் தொகுக்கப்படவேண்டும். மருத்துவரும் நோயுற்றவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள அத்தொகுப்பு நேரடியாகப் பயன்படும்.

நம்மிடம் துயருற்று வரும் மாணவருக்கு நேர்மையாகச் சொல்லத்தக்கது இது: ‘உனக்கு நேர்ந்திருப்பது உண்மையான நோய், அது உன் குற்றம் அன்று. இதற்குக் காரணம் ஒன்றல்ல, பல; எல்லாம் இன்னும் அறியப்படவில்லை. மருந்து பலர்க்கு உதவுகிறது. பேச்சுவழி மருத்துவமும் உதவுகிறது. உடனிருப்போர் துணையும் உதவுகிறது. தொடங்கிய மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதே. பெரும்பாலோர் மீள்கின்றனர்.’ இதிலுள்ள ஒவ்வொரு கூற்றும் இன்றைய சான்றுகளுக்கு உட்பட்டது. இவற்றைச் சொல்ல ஒரு வேதிப்பொருளின் பெயரும் தேவைப்படவில்லை.